தீ எச்சரிக்கை அமைப்புகளின் பராமரிப்பும் சோதனையும்

தீ எச்சரிக்கை அமைப்புகளின் பராமரிப்பும் சோதனையும் என்பது, கட்டிடங்களில் நிறுவப்பட்டுள்ள தீ உணரிகளும் எச்சரிக்கைக் கருவிகளும் தேவையான வேளையில் தவறாது இயங்கும் என்பதை உறுதிப்படுத்துவதற்காகக் குறித்த கால இடைவெளிகளில் மேற்கொள்ளப்படும் பணிகளின் தொகுதி ஆகும். பார்வையிடல், தூய்மையாக்கல், இயக்கிப் பார்த்தல், பழுது நீக்கல், பதிவு செய்தல் என்பன இதில் அடங்கும். இந்தியாவில் இத்தகைய அமைப்புகளின் தெரிவு, நிறுவல், பராமரிப்பு ஆகியவற்றுக்கான நடைமுறைகளை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 2189 என்னும் தரவிதி விளக்குகின்றது. தேசியக் கட்டிட விதித்தொகுப்பின் நான்காம் பகுதி தீப் பாதுகாப்பைப் பற்றியது. இக்கட்டுரை இப்பணிகளைப் பொதுவாகவும், தஞ்சாவூரை உள்ளிட்ட காவிரி டெல்டாப் பகுதியின் சூழலில் சிறப்பாகவும் விளக்குகின்றது.

பின்புலம்

காவிரிக் கரையோர ஊர்கள் குறுகிய கால இடைவெளியில் பெரும் தீ விபத்துகள் பலவற்றைச் சந்தித்துள்ளன. 1997 ஆம் ஆண்டு சூன் 7 ஆம் நாள் தஞ்சைப் பெருவுடையார் கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தலில் தீப்பிடித்ததில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2004 சனவரி 23 அன்று திருவரங்கத்தில் திருமண மண்டபம் ஒன்றில் கீற்றுப் பந்தல் தீப்பற்றியதில் மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டு சூலை 16 அன்று கும்பகோணத்தில் நிகழ்ந்த பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் உயிரிழந்தனர். சமையற்கூடத்தில் தோன்றிய தீ, மாடியில் வகுப்புகள் நடைபெற்ற கீற்றுக் கூரைக்குப் பரவியதும், வெளியேறும் வழி குறுகலாக இருந்ததும் இழப்பு பெருகக் காரணங்களாயின.

கும்பகோண விபத்தைத் தொடர்ந்து தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில் 2009 ஏப்ரல் 13 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்வி பெறும் உரிமை என்பது பாதுகாப்பான பள்ளியில் கற்கும் உரிமையையும் உள்ளடக்கியது என அத்தீர்ப்பு கூறியது. பள்ளிகளில் தீயணைப்புக் கருவிகள் வைத்தல், ஆசிரியர்களுக்கும் பணியாளர்களுக்கும் அவற்றைப் பயன்படுத்தப் பயிற்சி அளித்தல், கட்டிடங்களின் பாதுகாப்பை அவ்வப்போது ஆய்வு செய்தல் ஆகியனவும் அதில் வலியுறுத்தப்பட்டன.

தீ தொடக்கத்திலேயே அறியப்படும்போது விளைவு எவ்வாறு மாறும் என்பதற்கும் இப்பகுதியில் எடுத்துக்காட்டு உண்டு. 2021 ஆகஸ்டில் தஞ்சாவூர் இராசா மிராசுதார் அரசு மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவில் தீப்பிடித்தபோது, பணியாளர்கள் விரைந்து செயல்பட்டு 36 பச்சிளங் குழந்தைகளையும் தாய்மார்களையும் பாதுகாப்பாக வெளியேற்றினர். அதே ஆண்டு சனவரி 9 அன்று மகாராட்டிர மாநிலம் பண்டாரா மாவட்ட மருத்துவமனையில் நள்ளிரவுக்குப் பின் ஏற்பட்ட தீயில் 10 பச்சிளங் குழந்தைகள் இறந்தனர். தாமாக எழுந்து செல்ல இயலாதோர் தங்கியிருக்கும் இடங்களில், தீயை முதலில் அறிந்துகொள்ளும் சில நிமிடங்களே உயிர்களைத் தீர்மானிக்கின்றன. அந்நிமிடங்களைப் பெற்றுத் தருவதே எச்சரிக்கை அமைப்பின் பணி ஆகும்.

அமைப்பின் உறுப்புகள்

சோதனையைப் புரிந்துகொள்ள, அமைப்பின் முதன்மையான உறுப்புகளை அறிந்திருத்தல் வேண்டும்.

* புகை உணரி: ஒளிமின் வகை உணரியின் அறைக்குள் புகைத் துகள்கள் நுழையும்போது ஒளிக்கதிர் சிதறி ஒளியுணர் கூறின்மீது படுகின்றது. அயனியாக்க வகையில் மிகச் சிறிதளவு அமெரிசியம்-241 பயன்படுகின்றது. பிந்தைய வகை உணரிகளைக் குப்பையில் எறிதலோ பிரித்துப் பார்த்தலோ கூடாது. அவற்றை உற்பத்தியாளர் வழியாகவே அகற்ற வேண்டும்.
* வெப்ப உணரி: குறித்த வெப்பநிலையை அடைந்தவுடன் இயங்கும் வகையும், வெப்பநிலை மிக விரைவாக உயரும்போது இயங்கும் வகையும் உண்டு. சமையற்கூடம், தூசி நிறைந்த ஆலை போன்ற இடங்களுக்கு இவை ஏற்றவை.
* கைமுறை அழைப்புப் பெட்டி: தீயைக் கண்டவர் கண்ணாடியை உடைத்தோ அழுத்தியோ எச்சரிக்கை எழுப்பும் சிவப்பு நிறப் பெட்டி.
* கட்டுப்பாட்டுப் பலகம்: நடைமுறையில் 'பேனல்' என வழங்கப்படுவது. உணரிகளிடமிருந்து வரும் செய்திகளைப் பெற்று, தீ, பழுது, முடக்கம் ஆகிய நிலைகளைக் காட்டுகின்றது.
* ஒலிப்பான்: 'ஹூட்டர்' எனப்படும் ஒலிக்கருவி. செவித்திறன் குறைந்தோருக்காக மின்னொளி விளக்குகளும் சேர்க்கப்படுவதுண்டு.
* காப்பு மின்கலங்கள்: மின்தடையின்போது அமைப்பை இயக்குபவை. பெரும்பாலான பலகங்களில் 12 வோல்ட்டு மின்கலங்கள் இரண்டு தொடராக இணைக்கப்பட்டு 24 வோல்ட்டு பெறப்படுகின்றது.

வழமையான அமைப்புகளில் உணரிகள் வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். எந்த வலயத்தில் தீ என்பதை மட்டுமே பலகம் காட்டும். ஒவ்வொரு வலயத்தின் கம்பியின் இறுதியிலும் ஒரு மின்தடையம் இணைக்கப்பட்டிருக்கும். கம்பி அறுந்தால் மின்னோட்டம் மாறுபடுவதைக் கொண்டு பலகம் பழுதை அறிகின்றது. முகவரி வகை அமைப்புகளில் ஒவ்வோர் உணரிக்கும் தனி எண் உண்டு. எந்த அறையில் தீ என்பதையே பலகம் எழுத்தில் காட்டும்.

சோதனையின் தேவை

நல்ல நிலையிலுள்ள எச்சரிக்கை அமைப்பு ஆண்டின் பெரும்பாலான நாட்களில் அமைதியாகவே இருக்கும். செயலிழந்த அமைப்பும் அவ்வாறே அமைதியாக இருக்கும். இவ்விரண்டு அமைதிகளையும் வெளியிலிருந்து பார்ப்பவரால் வேறுபடுத்தி அறிய இயலாது. மின்விளக்கோ நீரேற்றியோ பழுதானால் அன்றாடப் பயன்பாட்டிலேயே அது தெரிந்துவிடும். எச்சரிக்கை அமைப்பின் பழுது, சோதித்தால் அன்றித் தீ ஏற்படும் நாளில்தான் தெரியவரும்.

பலகம் தன் கம்பிகளையும் மின்கலங்களையும் தானே கண்காணிக்கின்றது என்பது உண்மையே. எனினும் அதனால் கண்டறிய முடியாத குறைகள் பல உள்ளன. வண்ணம் பூசும்போது உணரிமீது போடப்பட்ட நெகிழி உறை அகற்றப்படாமல் இருத்தல், பின்னர் எழுப்பப்பட்ட தடுப்புச் சுவரால் ஓர் அறை உணரியின்றிப் போதல், புதிய கதவுகளால் ஒலிப்பானின் ஓசை உள்ளே கேளாது போதல், அறையின் பெயர் மாறியும் பலகத்தில் பழைய பெயரே இருத்தல் என்பன அவற்றுட் சில. இவற்றை மனிதர் நேரில் சென்றுதான் காண முடியும்.

கால அட்டவணை

பொதுவாகப் பின்பற்றப்படும் ஒழுங்கு பின்வருமாறு:

1. நாள்தோறும்: பலகம் இயல்பு நிலையைக் காட்டுகின்றதா எனப் பார்த்தல். பழுது விளக்கு எரிந்தால் பதிவேட்டில் எழுதிப் பொறுப்பாளருக்கு அறிவித்தல்.
2. வாரந்தோறும்: ஒரு கைமுறை அழைப்புப் பெட்டியையோ உணரியையோ இயக்கி ஒலிப்பான்கள் ஒலிப்பதை உறுதிசெய்தல். ஒவ்வொரு வாரமும் வெவ்வேறு பெட்டியைத் தெரிவு செய்தால் அனைத்தும் முறையாகச் சோதிக்கப்படும். எப்போதும் பலகத்துக்கு அருகிலுள்ள பெட்டியையே இயக்குவது பரவலாகக் காணப்படும் தவறு.
3. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை: மின்கலங்கள், இணைப்பு முனைகள், பழுது அறிவிப்புகள், நிகழ்வுப் பதிவு ஆகியவற்றைத் தொழில்நுட்பர் ஆய்வு செய்தல்.
4. ஆண்டுதோறும்: ஒவ்வோர் உணரியையும், பெட்டியையும், ஒலிப்பானையும் தனித்தனியே சோதித்தல். கட்டிடத்தின் மாற்றங்களை வரைபடத்துடன் ஒப்பிடுதல்.

டெல்டாப் பகுதியில் மூன்று மாத ஆய்வுகளுள் இரண்டை வேளாண் பருவத்தோடு இணைத்தல் பயனுள்ளதாகும். சம்பா அறுவடையும் கொள்முதலும் முடிந்த மாசி, பங்குனி மாதங்களில் தூசி நீக்கும் பணியையும், வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய புரட்டாசியில் மின்கலம், நிலத்தொடுப்பு, நீர்க்கசிவு ஆகியவற்றின் ஆய்வையும் மேற்கொள்ளலாம். ஆண்டு ஆய்வை ஏப்ரல் 14 முதல் 20 வரையான தீத்தொண்டு வாரத்தில் வைத்துக்கொண்டால் மறவாதிருக்கும். 1944 ஆம் ஆண்டு அந்நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் நிகழ்ந்த கப்பல் வெடிவிபத்தில் உயிர்நீத்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக இவ்வாரம் கடைப்பிடிக்கப்படுகின்றது.

சோதனை நடைமுறை

சோதனைக்கு முன்

சோதனை நடைபெறும் நாளையும் நேரத்தையும் கட்டிடத்திலுள்ளோருக்கு முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும். மருத்துவமனைகளில் செவிலியர் கண்காணிப்பாளரிடமும், பள்ளிகளில் தலைமை ஆசிரியரிடமும் இசைவு பெறுதல் முறையாகும். பலகத்துடன் மின்தூக்கி, குளிர்சாதனம், வளிமத் தீயணைப்பு அமைப்பு ஆகியவை இணைக்கப்பட்டுள்ளனவா என்பதை அறிந்துகொள்ள வேண்டும். இதை அறியாமல் உணரியை இயக்கினால், மின்தூக்கி இடையில் நிற்கலாம். கணினி அறையில் தீயணைப்பு வளிமம் வெளியேறலாம். தற்காலிகமாக முடக்கப்படும் ஒவ்வொன்றையும் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். சோதனையின்போது உண்மையாகவே தீ ஏற்பட்டால் எவ்வாறு அறிவிப்பது என்பதையும் முன்னரே முடிவு செய்தல் அவசியம்.

சோதனையின்போது

இருவர் பணியாற்றுவது நன்று. ஒருவர் உணரியை இயக்க, மற்றவர் பலகத்தில் அதற்குரிய அறையின் பெயர் சரியாகத் தோன்றுகின்றதா எனப் பார்ப்பார். புகை உணரியைச் சோதிக்க அதற்கென விற்கப்படும் சோதனைத் தூவியைப் பயன்படுத்த வேண்டும். தாள், பஞ்சு, ஊதுவத்தி ஆகியவற்றைக் கொளுத்திக் காட்டுதல் தவறு. அவற்றின் கரி உணரியின் அறைக்குள் படிந்து அதன் உணர்திறனைக் கெடுக்கும். தீ ஏற்படும் இடரும் உண்டு. சில உணரிகளைக் காந்தத்தைக் கொண்டு இயக்க முடியும். ஆனால் அது மின்சுற்றை மட்டுமே சோதிக்கின்றது. புகை உள்ளே நுழையும் வழி அடைபட்டிருந்தாலும் அச்சோதனையில் உணரி தேறிவிடும். வெப்ப உணரியைச் சூடான காற்றால் சோதிக்க வேண்டும். நெருப்புச் சுடரைக் காட்டுதல் கூடாது.

ஓர் உணரியை அதன் அடித்தளத்திலிருந்து கழற்றி, பலகம் சிறிது நேரத்தில் பழுதைக் காட்டுகின்றதா என்றும் பார்க்க வேண்டும். ஒலிப்பான்கள் ஒலிக்கும்போது, கதவு மூடிய தொலைவான அறையிலும் கழிவறையிலும் நின்று ஓசையைக் கேட்க வேண்டும். ஒலி அளவு பொதுவாக 65 டெசிபெல்லுக்குக் குறையாமலும், உறங்கும் இடங்களில் படுக்கையின் தலைமாட்டில் 75 டெசிபெல்லுக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு நடைமுறை ஆகும்.

முகவரி வகைப் பலகங்களில், எந்த உணரி இயங்கினால் எந்தக் கருவி இயங்க வேண்டும் என்பது நிரலாக எழுதப்பட்டிருக்கும். அந்நிரலில் சிறு மாற்றம் செய்தாலும், மாற்றிய பகுதியை மட்டுமன்றி அதனோடு தொடர்புடைய ஏனைய பகுதிகளையும் மீளச் சோதிக்க வேண்டும். நிரலின் படி ஒன்றையும், கடவுச்சொல்லையும் கட்டிட உரிமையாளர் தம்மிடம் வைத்திருத்தல் நன்று. பராமரிப்பு நிறுவனம் மாறும்போது இவை இல்லாமையால் பலகமே பயனற்றுப் போதல் உண்டு.

சோதனைக்குப் பின்

முடக்கிய ஒவ்வொன்றையும் மீள இயக்குதலே சோதனையின் மிக முக்கியமான படிநிலை ஆகும். முன்னர் எழுதிய பட்டியலை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வர வேண்டும். பலகம் முழுமையாக இயல்பு நிலைக்குத் திரும்பியதை உரிமையாளரின் பிரதிநிதியும் நேரில் கண்டு கையொப்பமிட வேண்டும். 1988 சூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்பா எண்ணெய் மேடையில் ஏற்பட்ட தீயில் 167 பேர் இறந்தனர். மேடையருகே நீருக்கடியில் பணியாற்றும் மூழ்குவோரின் பாதுகாப்புக்காக, அங்கிருந்த தீயணைப்பு நீரேற்றிகள் தானாக இயங்காத நிலையில் வைக்கப்பட்டிருந்தன. தீயின்போது அவற்றை எவராலும் சென்று இயக்க முடியவில்லை. நல்ல நோக்கத்துடன் செய்யப்பட்ட முடக்கமும் உயிரிழப்புக்குக் காரணமாகலாம் என்பதற்கு இது சான்றாகும்.

மின்கலங்கள்

தேவையான மின்கலத் திறனைக் கணக்கிடுதல் எளிது. பலகம் அமைதி நிலையில் 0.3 ஆம்பியரும், எச்சரிக்கை நிலையில் 1.2 ஆம்பியரும் எடுத்துக்கொள்வதாகக் கொள்வோம். 24 மணி நேரம் அமைதி நிலையிலும், அதன்பின் அரை மணி நேரம் எச்சரிக்கை நிலையிலும் அது இயங்க வேண்டுமெனின்:

(0.3 × 24) + (1.2 × 0.5) = 7.8 ஆம்பியர்-மணி

மின்கலம் மூப்படைவதைக் கருதி இதனை 1.25 ஆல் பெருக்கினால் 9.75 கிடைக்கும். எனவே 12 ஆம்பியர்-மணி மின்கலம் பொருத்தமானது. பழைய மின்கலத்தை மாற்றும்போது விலை குறைவு என்பதற்காக 7 ஆம்பியர்-மணி மின்கலத்தைப் பொருத்தினால், பலகம் அப்போதைக்கு எக்குறையையும் காட்டாது. நீண்ட மின்தடையின் இறுதியில்தான் அது வெளிப்படும்.

மின்னழுத்தத்தை மட்டும் அளப்பது போதாது. பழைய மின்கலமும் சுமையின்றி 12 வோல்ட்டுக்கு மேல் காட்டும். முதன்மை மின்சாரத்தைத் துண்டித்து, ஒலிப்பான்கள் ஒலிக்கும் நிலையில் அளத்தல் வேண்டும். ஈய அமில மின்கலங்களின் ஆயுள், 25 பாகை செல்சியசுக்கு மேல் ஒவ்வொரு 10 பாகை உயர்வுக்கும் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். காற்றோட்டமற்ற மாடிப்படி அடியறைகளில் பலகம் வைக்கப்பட்டிருக்கும் தஞ்சைப் பகுதிக் கட்டிடங்களில், உற்பத்தியாளர் கூறும் ஆயுளை அப்படியே நம்புதல் கூடாது.

2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயலின் பின் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், புதுக்கோட்டை மாவட்டங்களின் பல ஊர்களில் மின்சாரம் பல நாட்கள் இல்லாதிருந்தது. இத்தகைய காலங்களில் 24 மணி நேரத்துக்கான மின்கலம் தீர்ந்துவிடும். அதேவேளை மெழுகுவர்த்தி, மண்ணெண்ணெய் விளக்கு, மின்னாக்கி ஆகியவற்றின் பயன்பாட்டால் தீ இடர் மிகும். அப்போது காவலாளிகள் குறித்த நேரத்துக்கு ஒருமுறை எல்லா அறைகளையும் சுற்றிவந்து கண்காணித்தலே ஒரே வழி ஆகும். மின்சாரம் திரும்பியபின், முற்றிலும் தீர்ந்துபோன மின்கலங்களைச் சுமையுடன் சோதித்த பிறகே மீண்டும் நம்ப வேண்டும்.

டெல்டாப் பகுதியின் சிறப்புச் சூழல்கள்

* நெல் ஆலைகள்: தவிடு, உமி ஆகியவற்றின் தூசியும் நெல் அவிக்கும் நீராவியும் புகை உணரிகளைத் தவறாக இயக்கும். ஆலைப் பகுதியில் வெப்ப உணரிகளும், அலுவலகம், மின்பலகை அறை ஆகியவற்றில் புகை உணரிகளும் ஏற்றவை. எண்ணெய்ப்பசை மிக்க தவிடு குவியலாக இருக்கும்போது தானே வெப்பமடையக் கூடும். ஆதலால் குவியலின் உள் வெப்பநிலையைத் தனியே அளத்தல் வேண்டும்.
* சேமிப்புக் கிடங்குகள்: பூச்சிகளை அழிக்க அலுமினியம் பாசுபைடு வில்லைகள் பயன்படுத்தப்படுகின்றன. அவற்றிலிருந்து வெளிப்படும் பாசுபீன் வளிமம் செம்பை அரிக்கும். ஈரப்பதம் மிகுந்த காற்றில் அரிப்பு இன்னும் கூடும். உணரிகளின் மின்சுற்றும் இணைப்பு முனைகளும் இதனால் பழுதாகலாம். எனவே ஒவ்வொரு புகையூட்டலுக்குப் பின்னும் அவற்றைச் சோதிக்க வேண்டும். பாசுபீன் நச்சு வளிமம் என்பதால், கிடங்கு முற்றிலும் காற்றோட்டம் பெற்றதென உரியவர் சான்றளிக்கும் வரை தொழில்நுட்பர் உள்ளே செல்லுதல் கூடாது.
* பூச்சிகளும் பல்லிகளும்: மழைக்காலத்தில் விளக்கொளியை நாடிவரும் சிறு பூச்சிகள் உணரியின் அறைக்குள் நுழைகின்றன. உணரியின் வலையை மென்தூரிகையாலும் உறிஞ்சியாலும் தூய்மை செய்ய வேண்டும்.
* திருமண மண்டபங்கள்: ஓமப் புகை, கற்பூரம், சாம்பிராணி ஆகியவற்றால் எச்சரிக்கை எழுவதைத் தவிர்க்க அமைப்பு முழுவதையும் அணைத்துவிடும் வழக்கம் காணப்படுகின்றது. மணமேடைக்கு மேலுள்ள உணரிகளை மட்டும் குறித்த நேரத்துக்கு முடக்கி, அங்கு ஒருவரைக் காவலுக்கு நிறுத்துதலே முறையாகும். சமையற்கூடம், உணவுக்கூடம், தங்கும் அறைகள் ஆகியவற்றின் உணரிகள் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.
* இடி, மின்னல்: வெளியில் செல்லும் கம்பிகளுக்கு மின்னெழுச்சிக் காப்பு அமைத்து, மழைக்காலத்துக்குப் பின் பலகத்தின் நிலத்தொடுப்புப் பழுதுகளை ஆராய வேண்டும்.

தவறான எச்சரிக்கைகள்

காரணமின்றி அடிக்கடி ஒலிக்கும் அமைப்பை மக்கள் நம்புவதில்லை. முதல்முறை வெளியே ஓடியவர், ஐந்தாம் முறை இருக்கையை விட்டு எழமாட்டார். பின்னர் யாரேனும் ஒலிப்பானின் இணைப்பையே துண்டித்துவிடுவர். எனவே ஒவ்வொரு தவறான எச்சரிக்கையையும் நாள், நேரம், உணரியின் எண், அப்போது நடந்த பணி ஆகியவற்றுடன் பதிந்து காரணத்தைக் கண்டறிய வேண்டும். உணரியின் வகையை மாற்றுதல், இடத்தை மாற்றுதல், தூய்மை செய்தல் ஆகியன தீர்வுகள். அமைப்பை அணைத்துவைத்தல் தீர்வன்று.

பொறுப்புகள்

பராமரிப்பு ஒப்பந்தம் செய்துகொள்வதால் மட்டும் கட்டிட உரிமையாளரின் பொறுப்பு நீங்குவதில்லை. எத்தனை உணரிகள் உள்ளன, அவற்றுள் எத்தனை சோதிக்கப்பட்டன, எவை தேறவில்லை என்பன அறிக்கையில் எண்ணிக்கையுடன் இருக்க வேண்டும். "அனைத்தும் நன்று" என்னும் ஒற்றை வரிச் சான்றிதழை ஏற்றல் கூடாது. சோதிக்காத உணரியைச் சோதித்ததாக எழுதும் தொழில்நுட்பர், அக்கட்டிடத்தில் உறங்குவோரின் நம்பிக்கையை மோசம் செய்கின்றார். பூட்டிய அறை ஒன்றைச் சோதிக்க இயலாவிடில், அதனை அவ்வாறே எழுதி மறுநாள் மீண்டும் செல்லுதலே நேர்மையாகும்.

பணியாளர்களின் பொறுப்பு, எச்சரிக்கை எழுந்தவுடன் என்ன செய்ய வேண்டும் என்பதை அறிந்திருத்தல் ஆகும். தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையை 101 என்ற எண்ணில் அழைக்கலாம். 112 என்பது பொது அவசர எண். பலகம் ஒலித்தால் தீயணைப்பு நிலையத்துக்குத் தானாகச் செய்தி சென்றுவிடும் எனப் பலர் கருதுகின்றனர். பெரும்பாலான கட்டிடங்களில் அவ்வாறான இணைப்பு இல்லை. ஒருவர் அழைத்தே ஆக வேண்டும்.

எல்லைகள்

எச்சரிக்கை அமைப்பு தீயைத் தடுப்பதில்லை, அணைப்பதுமில்லை. கீற்றுக் கூரை சில நிமிடங்களில் எரிந்து விழக்கூடியது. அத்தகைய கூரையின்கீழ், ஒரே குறுகிய மாடிப்படியுடன் நூற்றுக்கணக்கான குழந்தைகளை அமர்த்திவிட்டு உணரி ஒன்றைப் பொருத்துவதால் பயனில்லை. 2011 திசம்பர் 9 அன்று கொல்கத்தா ஆம்ரி மருத்துவமனையில் அடித்தளத்தில் தோன்றிய தீயின் புகை மேல் தளங்களுக்குப் பரவியதில் ஏறத்தாழ 90 பேர் இறந்தனர். பெரும்பாலோர் மூச்சுத்திணறியே மாண்டனர். எரியும் பொருட்களை அகற்றுதல், புகை பரவும் வழிகளை அடைத்தல், வெளியேறும் கதவுகளைப் பூட்டாதிருத்தல், மாடிப்படிகளில் பொருட்களை அடுக்காதிருத்தல் ஆகியன முதலில் செய்யப்பட வேண்டியவை. அவற்றைச் செய்தபின், எச்சரிக்கை அமைப்பு தரும் சில நிமிடங்களில் மக்கள் வெளியேற முடியும். அந்நிமிடங்கள் உண்மையிலேயே கிடைக்கும் என்பதற்கு, முறையாகச் செய்யப்பட்டு நேர்மையாகப் பதியப்பட்ட சோதனையைத் தவிர வேறு உறுதி இல்லை.